கதைக்கத் தெரிந்த டொக்டர்



டொக்டர்களைப் பற்றி எங்கள் பெண்கள் இரண்டு விதமாகப் புகழ்ந்து சொல்வார்கள். ஒன்று, "அவர் கைராசிக்காரர்." மற்றது, "அவர் நல்லாக் கதைக்கிறவர். கதைச்சாலே பாதி வருத்தம் போயிடும்." கைராசியைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. ஆனால் அந்த இரண்டாவது விடயம் பற்றி எழுத நிறைய இருக்கிறது. கதைப்பது பிறவிக் குணம், சிலருக்கு வாய்க்கும், சிலருக்கு வாய்க்காது என்றுதான் நாங்கள் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அது அப்படியல்ல. நோயாளியோடு கதைப்பது இன்று மருத்துவக் கல்வியில் ஒரு பாடம். அதற்குப் பரீட்சை உண்டு, புள்ளி உண்டு. அதில் சறுக்குகிறவர்களும் உண்டு.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். கிளினிக்குக்குப் போய் நாலு மணித்தியாலம் காத்திருந்து, நாலு நிமிடம் டொக்டரின் முன்னால் இருந்துவிட்டு, என்ன சொன்னார் என்று விளங்காமலே மருந்துத் துண்டோடு திரும்பி வருகிற பெண்களை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நான் நாளாந்தம் சந்திக்கிறேன். "டொக்டரைக் கேட்கிறது மரியாதையில்லை" என்று அவர்கள் சொல்கிறார்கள். அந்த டொக்டர் எதற்கெல்லாம் புள்ளி வாங்கிப் பட்டம் பெற்றவர் என்று தெரிந்தால், அதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல என்று உங்களுக்கே விளங்கும்.

மணி அடித்தால் அடுத்த மேசை

முன்பெல்லாம் மருத்துவ மாணவர்களின் செயன்முறைப் பரீட்சை பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஒரு மாணவருக்கு இலகுவான நோயாளி கிடைப்பார். இன்னொருவருக்குச் சிக்கலான நோயாளி. ஒரு பரீட்சகர் இளகிய மனக்காரர், அடுத்தவர் கடுமையானவர். மாணவர் நோயாளியோடு எப்படிக் கதைத்தார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களும் குறைவு.

இதை மாற்றியவர் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் இருந்த ரொனால்ட் ஹார்டன் என்ற பேராசிரியர். 1975ஆம் ஆண்டு அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு புதுமுறையை வெளியிட்டார்கள். மாணவர்கள் அதைச் சுருக்கமாக ஒஸ்கி என்பார்கள். ஒரு மண்டபத்தில் வரிசையாகப் பல மேசைகள் அல்லது சிறு அறைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. ஓரிடத்தில் பிரசர் பார்க்க வேண்டும், ஓரிடத்தில் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஓரிடத்தில் ஒரு தாய்க்கு மருந்து கொடுக்கும் முறையை விளங்கப்படுத்த வேண்டும். குறித்த நிமிடங்கள் முடிந்ததும் மணி அடிக்கும். மாணவர் எழும்பி அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். எல்லா மாணவருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், ஒரே புள்ளித்தாள். இன்று எங்கள் நாட்டு மருத்துவபீடங்கள் உட்பட உலகெங்கும் இந்த முறை பரவியிருக்கிறது.

அங்கே நோயாளியாக இருப்பவர் பல வேளைகளில் உண்மையான நோயாளி அல்ல. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியாக நடிப்பார். இந்த யோசனை 1963இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஹவர்ட் பரோஸ் என்ற நரம்பியல் வைத்தியரிடமிருந்து வந்தது. ஓவியர்களுக்கு முன்னால் மாதிரியாக இருந்து பழகிய ஒரு பெண்ணுக்கு, கால் வழங்காத ஒரு நோயாளியின் கதையை அவர் பழக்கிக் கொடுத்தார். மாணவர்கள் வந்து அவரைப் பரிசோதித்துப் போனபின், அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று அந்தப் பெண் சொன்னார். இதைக் கேலி செய்தவர்களும் இருந்தார்கள். ஆனால் நோயாளியின் கதிரையில் இருந்தவர் மாணவரைப் பற்றிச் சொல்லும் வழக்கம் அங்கேதான் தொடங்கியது.

எதற்குப் புள்ளி?

மாணவர் உள்ளே வந்ததும் தன் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னாரா? நோயாளியின் பெயரைக் கேட்டாரா? முகத்தைப் பார்த்துக் கதைத்தாரா, கொப்பியைப் பார்த்தா? "என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டுச் சொல்லி முடிக்க விட்டாரா? இந்த வருத்தத்தைப் பற்றி நோயாளி என்ன நினைக்கிறார், எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டாரா? மருத்துவச் சொற்களை விட்டுச் சாதாரணமாகச் சொன்னாரா? கடைசியில், விளங்கியதா என்று சரிபார்த்தாரா? புள்ளித்தாளில் இருப்பவை இப்படிப்பட்டவைதான். கெட்ட செய்தி சொல்வதற்கும் தனியான படிமுறை உண்டு. முதலில் தனியிடம், பிறகு நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, அதன் பிறகே செய்தி. சொன்னபின் அழுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் சேர்ந்தது.

"சொல்லி முடிக்க விடுவது" சின்ன விடயமாகத் தோன்றும். 1984இல் அமெரிக்காவில் 74 நோயாளர் சந்திப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, நோயாளி கதைக்கத் தொடங்கிச் சராசரியாக 18 செக்கனில் டொக்டர் குறுக்கிட்டிருந்தார். விட்டால் மணிக்கணக்காகக் கதைப்பார்கள் என்ற பயம்தான் காரணம். 2002இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 335 நோயாளர்களை இடைமறிக்காமல் கதைக்க விட்டுப் பார்த்தார்கள். அவர்கள் சராசரியாக எடுத்த நேரம் 92 செக்கன். நூற்றுக்கு 78 பேர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

இந்தப் பரீட்சையால் பிறகு ஏதும் பயன் உண்டா? கனடாவில் அதையும் பார்த்தார்கள். 1993 முதல் 1996 வரை அந்நாட்டின் தேசியச் செயன்முறைப் பரீட்சைக்குத் தோற்றி, ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் வேலை செய்த 3424 டொக்டர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2007இல் வெளியானது. கதைக்கும் பகுதியில் குறைந்த புள்ளி எடுத்தவர்கள் மீதே பிற்காலத்தில் நோயாளர்களின் முறைப்பாடுகள் கூடுதலாக வந்திருந்தன. எச்சரிக்கை அன்றைய புள்ளித்தாளிலேயே இருந்திருக்கிறது.

எல்லா இடத்திலும் இது நிலைத்து நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கா 2004இல் தன் டொக்டர்கள் எல்லோருக்கும் இப்படியொரு பரீட்சையைக் கட்டாயமாக்கியது. கட்டணம் அதிகம், தூரப் பயணம், உள்நாட்டு மாணவர்கள் அநேகமாக எல்லோரும் சித்தியடைந்து விடுகிறார்கள் என்று எதிர்ப்பு இருந்தது. கொரோனாக் காலத்தில் 2020இல் நிறுத்தி, 2021 ஜனவரியில் அதை அடியோடு கைவிட்டார்கள். அயலில் இந்தியாவோ மறுபக்கம் போனது. 2019இல் எம்பிபிஎஸ் படிப்பில் சேர்ந்த மாணவர் முதல், மனப்பாங்கு, ஒழுக்கம், தொடர்பாடல் மூன்றையும் முதல் வருடத்திலிருந்தே படிக்க வேண்டும் என்று ஆக்கினார்கள்.

எங்கள் நாட்டில்

கொழும்பில் 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரிதான் இன்றைய கொழும்பு மருத்துவபீடம். 1995இல் அதன் பாடத்திட்டத்தை மாற்றியபோது, நடத்தை விஞ்ஞானம் என்று ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். நோயாளியோடு கதைப்பதும் மருத்துவ ஒழுக்கமும் அதற்குள் வந்தன. யாழ்ப்பாண மருத்துவபீடம் 1978இல் தொடங்கியது. அங்கே பேராசிரியராக இருந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போர் மனங்களில் ஏற்படுத்திய காயங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். எங்கள் சனம் துக்கத்தைத் துக்கமென்று சொல்லாமல், உடம்பு நோவாகவே சொல்லும் என்பதை வடக்கில் வேலை செய்த உளமருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். "தலையிடி", "நெஞ்சு பதகளிக்குது", "கை கால் விறைக்குது", "பெருமூச்சு வருது" என்று ஒரு பெண் சொன்னால், அதற்குப் பின்னால் காணாமற்போன மகன் இருக்கலாம். பனடோல் எழுதிக் கொடுத்தால் அவன் திரும்பி வரமாட்டான். கதைக்கத் தெரிந்த டொக்டர் இன்னொரு கேள்வி கேட்பார்.

இங்கேதான் எங்களுக்கேயுரிய சிக்கல் வருகிறது. மருத்துவபீடத்தில் படிப்பு ஆங்கிலத்தில். கொழும்பு வாட்டுகளில் நோயாளியோடு பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில். முன்னால் இருக்கும் எங்கள் பெண்ணுக்குத் தெரிந்தது தமிழ். "நோகுது" என்பதும் "உளையுது" என்பதும் எங்களுக்கு ஒன்றல்ல. குத்துவது வேறு, கடுப்பது வேறு, எரிவது வேறு, இழுப்பது வேறு. இவை ஒவ்வொன்றும் டொக்டருக்கு ஒவ்வொரு வழியைக் காட்டும். நடுவில் ஒருவர் நின்று மொழிபெயர்க்கும்போது எல்லாம் சேர்ந்து "ரிதெனவா" என்ற ஒரே சொல்லாகி விடுகின்றன.

நடுவில் நிற்பவர் யார் என்பதும் முக்கியம். கிளிநொச்சியிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஒரு பெண்ணோடு கொழும்பில் உள்ள ஒரு வைத்தியசாலைக்குத் துணைக்குப் போயிருந்தேன். எனக்கு வைத்தியசாலைச் சிங்களம் அவ்வளவு வராது. அவருடைய பதினொரு வயது மகன் தெருவில் விளையாடிச் சிங்களம் பழகியவன். அவனே மொழிபெயர்ப்பாளர். டொக்டர் மாதவிடாயைப் பற்றிக் கேட்டார். பொடியன் நிலத்தைப் பார்த்தான். பிறகு தாயிடம் கேட்காமலே ஏதோ ஒரு சொல்லில் பதில் சொன்னான். டொக்டர் எழுதத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் நின்ற சிங்கள மாணவி ஒருத்தி குனிந்து, "அம்மா, மகன் வெளியே இருக்க, நாங்கள் கதைக்க, சரியா?" என்றாள். மகன் வெளியே போனான். மூன்று மாதமாக இரத்தப்போக்கு நிற்கவில்லை என்று அந்தப் பெண் அப்போதுதான் சொன்னார். நானும் அந்த மாணவியுமாக, தெரிந்த சொற்களை வைத்து டொக்டருக்கு விளங்கப்படுத்தினோம். அன்றே ஸ்கான் எழுதினார்கள்.

அந்த மாணவியின் தமிழ் இலக்கணத்துக்குப் பரீட்சையில் என்ன புள்ளி கிடைக்குமோ தெரியாது. ஆனால் பிள்ளையை வெளியே அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருந்ததே, அதற்கு முழுப்புள்ளி கொடுக்கலாம்.

இன்னொரு விடயம். எங்களில் பலருக்கு உடம்புக்குள் ஷெல் பீஸ் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கான் என்பது மிகப் பலமான காந்தம். உள்ளே இரும்புத் துண்டு இருந்தால் அது நகரலாம், சூடாகலாம். கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் பார்வைக்கே ஆபத்து. ஆகவே ஸ்கானுக்கு முன் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்புவார்கள். "உலோகம் ஏதும் இருக்கிறதா?" என்று விளங்காத மொழியில் கேட்டால், எங்கள் பெண் தோட்டையும் காப்பையும் கழற்றிக் காட்டிவிட்டு "இல்லை" என்பாள். "ஷெல் பட்டதா? பீஸ் எடுத்ததா, உள்ளே இருக்கா?" என்று கேட்கத் தெரிந்தவருக்கே சரியான பதில் கிடைக்கும்.

அதேபோல, "கணவர் என்ன வேலை?" என்பது ஒரு சாதாரணக் கேள்வி. சுற்றிலும் பத்துப்பேர் நிற்கும்போது அதைக் கேட்டால், 2009இல் கணவனைத் தொலைத்துவிட்டு இன்றும் விதவை என்றும் சொல்லாமல், சுமங்கலி என்றும் சொல்லாமல் இருக்கிற பெண் என்ன பதில் சொல்வாள்? எந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்க வேண்டும் என்பதும் மாணவர் படிக்க வேண்டிய பாடம்தான்.

மொழியும் பரீட்சைக்குரியதே

எங்கள் டொக்டர் ஒருவர் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போவதென்றால், அங்குள்ள நோயாளியின் மொழி தனக்குத் தெரியும் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். ஐஇஎல்டிஎஸ் பரீட்சை எழுதுபவர் சராசரியாக 7.5 புள்ளி எடுத்தாக வேண்டும். அதன்பின் பெரும்பாலானோர் தோற்றும் செயன்முறைப் பரீட்சையில் ஒவ்வொரு நோயாளிக்கும் 8 நிமிடம். அந்த நாட்டு நோயாளி தன் மொழியிலேயே கேட்கப்பட வேண்டும் என்பதில் அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. அது நியாயம்.

எங்கள் நாட்டில் 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2007ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்று, அந்த வருடம் ஜூலை முதலாம் திகதிக்குப் பின் அரச சேவையில் சேருபவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. பின்னர் விதிகளைத் திருத்தினார்கள். நோக்கம் நல்லது. ஆனால் காகிதத்தில் எழுதிச் சித்தியடையும் மொழி வேறு, கட்டிலருகில் வேண்டிய மொழி வேறு. ஒஸ்கிப் பரீட்சையில் தமிழில் கதைக்க வேண்டிய ஒரு மேசையும், தமிழ் மாணவர்களுக்குச் சிங்களத்தில் ஒரு மேசையும் இருந்தால், மாணவர்கள் தாங்களாகவே படிப்பார்கள். பரீட்சைக்கு வருவதைத்தானே பிள்ளைகள் படிக்கும்?

நடக்காத காரியம் என்று சொல்ல முடியாது. சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த வருடம் மானிப்பாயில் குடியேறினார். தமிழ் படித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், சொற்களை உருவாக்கினார். 1864 முதல் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். ஊருக்குள் வேலை செய்யப் போகிறவன் ஊர் மொழியில் படிக்க வேண்டும் என்பதே அவர் கொள்கை. மானிப்பாயில் அவர் பெயரில் வைத்தியசாலை இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரரால் முடிந்தது, ஒரே தீவில் பிறந்த பிள்ளைகளால் முடியாதா?

நடிக்கும் நோயாளி வேண்டுமென்றால், எங்கள் பெண்களை விடப் பொருத்தமானவர்கள் யார்? நாங்கள் கதிரையில் இருந்து, "இந்தப் பிள்ளை என்னைச் சொல்லி முடிக்க விட்டது, இந்தப் பிள்ளை விடவில்லை" என்று சொல்லலாம். அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. மருத்துவபீடங்களும் பெண்கள் அமைப்புகளும் சேர்ந்து யோசிக்க வேண்டிய விடயம் இது.

நாங்கள் செய்யக்கூடியவை

அதுவரை கைகட்டிக் கொண்டிருக்கத் தேவையில்லை. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது இவற்றைச் செய்து பாருங்கள்.

1. போவதற்கு முதல் நாள் இரவே மூன்று விடயங்களைக் குறித்து வையுங்கள். மிகப் பெரிய பயத்தை முதலாவதாகச் சொல்லுங்கள். எழும்பி வாசலுக்கு வந்தபின் "இன்னொண்டு டொக்டர்..." என்று தொடங்கினால் நேரம் முடிந்திருக்கும்.

2. பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள். தமிழ் தெரிந்த தாதியோ டொக்டரோ இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் சிங்களம் தெரிந்த பெண் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள்.

3. ஷெல் பீஸ், பழைய ஒபரேஷன், ஒத்துவராத மருந்து ஆகியவற்றைச் சிங்களமோ ஆங்கிலமோ தெரிந்தவரைக் கொண்டு கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுவியுங்கள். எந்த ஸ்கானுக்கு முன்னும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

4. விளங்காவிட்டால் தலையாட்டாதீர்கள். "டொக்டர், நான் விளங்கினது இதுதான், சரியோ?" என்று திருப்பிச் சொல்லுங்கள். மருந்து எத்தனை, எப்போது, எத்தனை நாள் என்பதை இப்படிச் சொன்னாலே பாதிப் பிழை தவிரும்.

5. கையெழுத்துக் கேட்டால், எதை எடுக்கப் போகிறார்கள், எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்ற இரண்டையும் கேட்டபின் போடுங்கள்.

6. போதனா வைத்தியசாலைகளில் மாணவர்கள் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். உங்கள் சம்மதம் கேட்பது அவர்கள் கடமை. விருப்பமில்லை என்றால் சொல்லலாம். அதனால் உங்கள் சிகிச்சை குறையக் கூடாது. ஆனால் முடிந்தால் அவர்களோடு கதையுங்கள். அவர்களுக்கு உங்களைவிட நல்ல புத்தகம் கிடைக்காது. நன்றாகக் கேட்ட பிள்ளைக்கு "நல்லாக் கேட்டாய் மகள்" என்று ஒரு சொல் சொல்லுங்கள். விளங்காத பிள்ளைக்குச் சொல்லைத் திருத்திக் கொடுங்கள்.

உங்கள் வீட்டிலோ அயலிலோ மருத்துவம் படிக்கிற பிள்ளை இருந்தால், இந்தப் பக்கத்தை வெட்டி அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். தமிழ்ப் பிள்ளையானால் சிங்களம் படிக்கச் சொல்லுங்கள். நாளைக்கு அனுராதபுரத்திலோ மாத்தறையிலோ ஒரு சிங்களத் தாய் அதன் முன்னால் இருந்து, சொல்லத் தெரியாமல் தவிக்கக் கூடாது. இங்கே எங்களுக்கு வந்த கஷ்டம் அங்கே அவளுக்கும் வரும்.

கிளினிக்கில் உங்களுக்கு நடந்த நல்லதையும் கெட்டதையும் எங்களுக்கு எழுதுங்கள். நல்லாக் கதைத்த டொக்டர்களைப் பற்றியும் கட்டாயம் எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.